காலும் காலும்

தமிழில் ‘கால்’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். உடம்பைத் தாங்கும் உறுப்புக்கு அது பெயர். பந்தலைத் தாங்கும் கம்பத்திற்கும் அதுவே பெயர். நான்கில் ஒரு பங்கைக் கால் என்பர். வீசும் காற்றைக் கால் என்றனர் சான்றோர். உருளும் சக்கரத்தையும் கால் என்றே குறித்தனர். வகுப்பறையில் இச்சொல் வரும்போது, இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வது ஆசிரியர் வழக்கம். ஆயினும் சக்கரமாகிய காலும் காற்றாகிய காலும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் ஒரு பொருள் இன்று மலேசியச் சாலைகளில் உருண்டு வருகின்றது. மின்சாரக் கார்களின் சக்கரங்களை மூடியிருக்கும் தட்டையான பிளாஸ்டிக் மூடியே அது. சிறிய பொருள்தான். ஆனால் ஒரு பொருளை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் பெரிய வினாவை அது எழுப்புகின்றது. கவிதையை ஆராய்வதற்குத் தமிழர் வகுத்துக்கொண்ட கருவிகள், கைவினைப் பொருளொன்றை ஆராய்வதற்கும் எவ்வளவு பயன்படும் என்பதை இதனைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

பழந்தமிழர் சக்கரத்தைத் தொலைவில் நின்று வியந்தவர் அல்லர். அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டவர். நடுவே அச்சு நுழையும் பகுதி குடம். குடத்திலிருந்து நாற்புறமும் விரியும் கட்டைகள் ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்த மரவளையம் வட்டை. வட்டையின்மேல் காய்ச்சி ஏற்றிய இரும்பு பட்டா. சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணனுக்கு அளிக்கும் தேரைப் புனையுமிடத்து, ஆரங்கள் அமைந்து விளிம்பில் இரும்பு செறிந்த சக்கரம் காட்டப்படுகின்றது. அதனைச் செய்து முடித்த வினைஞரின் கைத்திறனும் உடன் பேசப்படுகின்றது. வள்ளுவர் அச்சாணியைக் காட்டியன்றோ உருவிற் சிறியாரை எள்ளலாகாது என்றார்!

இவ்விடங்களிலெல்லாம் சக்கரம் திறந்த சக்கரமே. ஆரங்களுக்கு இடையே வெளி தெரியும். அந்த வெளியே அதன் அழகு. மூடிய சக்கரமும் தமிழர்க்கு உண்டு. கோயில் தேரின் சக்கரம் பலகை செறிந்த முழு வட்டம். ஊரே கூடி வடம் பிடிக்கும் பெருஞ்சுமையைத் தாங்கவேண்டி அது அவ்வாறு செய்யப்பட்டது. நடந்து செல்பவனைக் காட்டிலும் மெல்லச் செல்லும் தேருக்குக் காற்று ஒரு பகையன்று. ஆகவே மூடிய சக்கரம் புதிதன்று. காற்றை நினைத்து மூடிய சக்கரமே புதிது.

காற்றை ஏன் நினைக்க வேண்டும்? ஓடும் காரின் சக்கரத்தைச் சிறிது கவனித்தால் விடை கிடைக்கும். சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் அசைவற்று நிற்கின்றது. அதன் உச்சிப் புள்ளியோ காரின் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கின்றது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் சக்கர உச்சி 220 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கின்றது. ஆரங்களோ காற்றை உள்ளே வாங்கி, அலைத்து, பக்கவாட்டில் வீசுகின்றன. காரின் பக்கத்தை ஒட்டி ஒழுங்காகச் செல்ல வேண்டிய காற்றோட்டம் குலைகின்றது. காரொன்று எதிர்கொள்ளும் மொத்தக் காற்றுத் தடையில் சக்கரங்களாலும் அவை சுழலும் குழிவுகளாலும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எனப் பொறியாளர் கணக்கிடுவர். காலால் வரும் தடை கால் பங்கு என்று தமிழாசிரியர் இதனை எளிதில் நினைவிற் கொள்ளலாம்.

கேமரன் மலையின் தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவருக்கு இதனை விளக்க நீண்ட பாடம் வேண்டுவதில்லை. பறித்து வந்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து பெரும் விசிறியால் காற்றைச் செலுத்தி, மணிக்கணக்கில் வாட்டுவது அத்தொழிலின் முதற்படி. விசிறி சும்மா சுழல்வதில்லை. காற்றை நகர்த்துவதற்கு மின்சாரம் செலவாகின்றது. அங்கே அச்செலவுக்குப் பயன் உண்டு. இலையின் ஈரம் குறைகின்றது. ஆரமுள்ள காரின் சக்கரமும் ஒரு விசிறியே. எந்தக் கொழுந்தையும் வாட்டாத விசிறி. அதனை ஒரு தட்டால் மூடிவிட்டால் விசிறித் தன்மை நீங்கும். சக்கர மூடியின் அறிவியல் இவ்வளவுதான்.

இனி, திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்விக்கு வரலாம். இம்மூடி சக்கரத்திற்கு அணியா, உறுப்பா?

இவ்வேறுபாடு இலக்கியம் கற்றோர்க்குப் புதிதன்று. நீக்கினால் பொருள் குன்றாது அழகு மட்டும் குறையுமாயின் அஃது அணி. நீக்கினால் பொருளே குன்றுமாயின் அஃது உறுப்பு. கார்ச் சக்கரத்தின் மூடி நெடுங்காலம் அணியாகவே வாழ்ந்தது. பழைய கார்களின் சக்கர நடுவில் பளபளத்த வெள்ளி நிறக் கிண்ணங்களை முதியோர் அறிவர். உள்ளே இருந்தது சாதாரண எஃகுச் சக்கரம். அதன் எளிமையை மறைத்துச் செல்வத் தோற்றம் தருவதே கிண்ணத்தின் வேலை. 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் நின்ற பின்னர், பிளாஸ்டிக் மூடிகள் உதிரிப்பாகக் கடைகளில் அடுக்கடுக்காகத் தொங்கின. விலையுயர்ந்த உலோகச் சக்கரம் போலவே ஆரங்கள் வரைந்து, சாயம் பூசி, எஃகின்மேல் மாட்டிக்கொள்ளும் மூடிகள் அவை. இல்லாத ஆரத்தை இருப்பதாகக் காட்டும் அந்த அணியைப் பொய்யணி என்று சொன்னாலும் தவறாகாது. எனினும் கையில் பணம் குறைந்தவனின் அழகுணர்ச்சியை எள்ளுவதும் திறனாய்வாகாது.

2017ஆம் ஆண்டு டெஸ்லா நிறுவனம் தன் மூன்றாம் மாதிரிக் காரை அமெரிக்காவில் வெளியிட்டபோது இம்முறை தலைகீழாகியது. அதன் 18 அங்குலச் சக்கரத்தில் அழகிய உலோக ஆரங்கள் உண்டு. அவற்றின்மேல் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று மாட்டப்பட்டிருந்தது. முன்னர் எளிமையை மறைக்க அழகு பயன்பட்டது. இங்கே அழகை மறைக்க எளிமை வந்தது. வாங்கியவர்களுள் பலர் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளிருந்த ஆரங்களைக் காட்டிக்கொண்டு சென்றனர். அவ்வாறு கழற்றுவோர்க்கென நடுக்குமிழும் ஆணித்தலை மூடிகளும் அடங்கிய ஒரு தொகுதியை நிறுவனமே விற்றது. உறுப்பைக் கழற்றி அணியாக்கிக்கொள்ள உறுப்பைச் செய்தவரே உதவிய விந்தை இது. அமெரிக்க மோட்டார் இதழொன்று மூடியோடும் மூடியின்றியும் அக்காரை வெவ்வேறு நெடுஞ்சாலை வேகங்களில் ஓட்டிப் பார்த்தபோது, மூடியால் சுமார் 3 விழுக்காடு மின்சாரம் மிச்சமாவதைக் கண்டது. ஆகவே அஃது உறுப்பே என்று அங்குத் தீர்ப்பு எழுதலாம். ஆனால் அத்தீர்ப்பு அந்த நிலத்துக்குரியது.

நிலம் என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றுக்குப் பின்னரே வருவன. திணை மயங்குவதை அவர் விலக்கவில்லை; நிலம் மயங்குவதை ஏற்கவில்லை. வள்ளுவரும் இடனறிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்து, சக்கர வலிமை மிக்க பெருந்தேர் கடலிற் செல்லாது, கடலிற் செல்லும் கலம் தரையிற் செல்லாது என்னும் கருத்தை அதில் வைத்தார். அக்குறளில் சக்கரத்திற்கு அவர் ஆண்ட சொல்லும் கால் என்பதே. தேரின் குறையன்று அது, கலத்தின் குறையுமன்று. இடம் மாறினால் வலிமை வலிமையாக நில்லாது. ஒரு பாடலின் உவமை குறிஞ்சிக்கு ஏற்றதா நெய்தலுக்கு ஏற்றதா என்று கேட்கும் மாணவன், சக்கர மூடியைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம்: இதன் நிலம் எது?

இதன் நிலம் சமவெளி. இதன் பொழுது விரைவு. வரலாறு இதற்குச் சான்று. அமெரிக்காவின் போனவில் உப்புப் பரப்பில் வேகச் சாதனைக்காக ஓடிய கார்கள் வழவழப்பான உலோகத் தட்டால் சக்கரங்களை மூடிக்கொண்டன. கண்ணுக்கு எட்டிய தொலைவு மேடும் வளைவும் இல்லாத வெள்ளைத் தரை அது. 1984ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இத்தாலியராகிய பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேர மிதிவண்டிச் சாதனையை முறியடித்தபோது, ஆரமில்லாத தட்டுச் சக்கரங்களைப் பூட்டியிருந்தார். மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆனால் அவர் மலையேறவில்லை. காற்று மெலிந்த அவ்வுயரத்தில் சமதளமான வட்டப் பாதையைச் சுற்றி வந்தார். உயரமும் ஏற்றமும் ஒன்றல்ல என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். தட்டுச் சக்கரம் உயரத்துக்கு அஞ்சுவதில்லை. ஏற்றத்தில்தான் அதற்கு வேலை இல்லை.

மலேசியாவில் பிஒய்டி ஆட்டோ 3 என்னும் மின்சாரக் கார் 2022 டிசம்பரில் அறிமுகமாயிற்று. டெஸ்லா 2023 சூலையில் வந்தது. உள்நாட்டுப் புரோட்டோன் நிறுவனத்தின் முதல் மின்சாரக் காராகிய இ.மாஸ் 7 வெளிவந்தது 2024 டிசம்பரில். முழுதும் மூடிய தட்டாகவோ, ஆரங்களுக்கு இடைப்பட்ட வெளியைக் குறுக்கிய வடிவாகவோ இப்புதிய சக்கரங்கள் நாட்டுச் சாலைகளில் பெருகின. டெஸ்லாவின் மூன்றாம் மாதிரி பின்னர்த் திருத்தி அமைக்கப்பட்டபோது, அத்திட்டத்திற்கு இடப்பட்ட மறைபெயர் ‘ஹைலேண்ட்’ என்பதாகும். மலைநாடு என்று பொருள். பெயரிட்டவர் கேமரன் மலையை நினைத்திருக்க மாட்டார். பெயர் மலையை நினைத்தாலும் சக்கரம் சமவெளியையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கேமரன் மலைச் சாலை காட்டிவிடும்.

அச்சாலையின் இயல்பை அறிந்தாலன்றி இக்கூற்று விளங்காது. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நிலஅளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் பல்லாண்டு காட்டுக்குள் கிடந்தது. தாப்பாவிலிருந்து மலையைக் குடைந்தும் அரிந்தும் சென்ற சாலை 1931ஆம் ஆண்டளவில் தானா ராத்தாவை எட்டியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், 1933இல் தோன்றிய பாரத் தேயிலை நிறுவனமும் அம்மலைச்சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கின. காடு திருத்திக் கொழுந்து பறித்த கைகளுள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் கைகள் பெரும்பங்கின. மோரியரின் தேர்ச்சக்கரம் உருள்வதற்காக மலையை வெட்டி வழி செய்த செய்தியை அகநானூற்றில் மாமூலனாரும் புறநானூற்றில் கள்ளில் ஆத்திரையனாரும் குறித்துள்ளனர். பாடல்களில் மோரியரின் பெயர் நிற்கின்றது; வெட்டியவர் பெயர் இல்லை. தாப்பா மலைச்சாலையில் செல்லும் தமிழன் அப்பாடல்களை நினைக்காமல் இருக்க முடியாது. சக்கரத்தின் வரலாறு எங்கும் பாதையின் வரலாறுமாகும். இரண்டையும் பிரித்துவிட்டு ஒன்றை மட்டும் புகழ்வதில் பிழை நேரும்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். இடைப்பட்ட ஏற்றம் ஏறத்தாழ 1,400 மீட்டர். வளைவுக்குப்பின் வளைவு, ஒரு வளைவிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதே அங்கு நல்ல வேகம். காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் தடை நான்மடங்கு ஆகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள தடையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுந்த தடைதான் 40 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சும். பகையே மெலிந்தபின் கவசம் எதற்கு?

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் மேலும் தெளிவாகும். பயணிகளோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு காரை 1,400 மீட்டர் உயரத்திற்கு ஏற்றுவதற்கு, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் வேண்டும். டயர்கள் சாலையில் உருளும் உராய்வுக்கு ஏறத்தாழ 3 யூனிட். காற்றுக்கு, அந்த மெல்லிய வேகத்தில், அரை யூனிட்டுக்குச் சற்று மேல். மூடியானது காற்றுத் தடையில் இருபதில் ஒரு பங்கைக் குறைப்பதாகக் கொண்டால், மலையேறும் அந்த 60 கிலோமீட்டரில் அது மிச்சப்படுத்துவது 0.03 யூனிட். பத்து யூனிட்டுக்கு மேல் செலவிடும் பயணத்தில் இது கணக்கில் எழுதத் தகாத தொகை.

இதே கார் கோலாலம்பூரிலிருந்து தாப்பா வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்த 150 கிலோமீட்டரைக் கணக்கிட்டால் செய்தி வேறு. சட்டம் அனுமதிக்கும் 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 11 யூனிட் செலவாகின்றது. மூடி அதில் அரை யூனிட்டுக்குமேல் மீட்டுத் தருகின்றது; மூன்று கிலோமீட்டருக்கு மேல் செல்லப் போதுமானது. நெடுஞ்சாலையில் உறுப்பாக விளங்கியது, தாப்பா சந்தியைக் கடந்து மலையேறத் தொடங்கியதும் அணியாகிவிடுகின்றது. பொருள் மாறவில்லை, நிலம் மாறிற்று.

இங்கே ஓர் இடைச்செருகல். அந்த நெடுஞ்சாலையிலேயே ஓட்டுநர் 110ஐ விடுத்து 100 கிலோமீட்டர் வேகத்தில் வருவாராயின், காற்றுச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். அஃதாவது இரண்டு யூனிட்டை ஒட்டிய சேமிப்பு. மூடி நான்கும் சேர்ந்து தருவதைப் போல் மும்மடங்குக்கு மேற்பட்டதை ஓட்டுநரின் வலக்கால் ஒன்றே தந்துவிடுகின்றது. கால் என்னும் சொல்லின் முதற்பொருளை மறந்துவிடலாகாது போலும்.

மூடியைக் குறைகூறுவது இதன் கருத்தன்று. நெடுஞ்சாலையும் மலையும் ஒரே பயணத்தில் அடங்குமாதலால், மலையேறும்போது சும்மா இருக்கும் ஒன்றைச் சுமந்து செல்வதில் இழப்பு மிகுதியில்லை. குறை இருப்பது மூடியைப் பற்றிப் பேசும் பேச்சில். ஒரு முறை மின்னேற்றினால் இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரங்கள் ஓர் எண்ணைத் தருகின்றன. அவ்வெண் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின்மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி அளந்து பெறப்படுவது. அங்கே ரிங்லெட் இல்லை, மழையில்லை, ஐந்து பேரும் ஊருக்கு வாங்கிய காய்கறி மூட்டையும் இல்லை. புவியீர்ப்புக்குச் செல்லும் 7 யூனிட் என்பது சமதளத்தில் 45 கிலோமீட்டர் ஓடப் போதுமானது. திரையில் 60 கிலோமீட்டர் மிச்சம் என்று காட்டுவதை நம்பித் தாப்பாவிலிருந்து மலையேறத் தொடங்கும் குடும்பம், தோட்டத்துப் பாட்டி வீட்டை அடைவதற்கு வெகுமுன்பே சாலையோரத்தில் நிற்க நேரிடும். அவ்வெண் பொய்யன்று, நிலம் சொல்லாத எண். திணை குறிக்காமல் பாடலை மேற்கோள் காட்டுவோரை இலக்கிய அவையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் தமிழாசிரியர், விற்பனைக்கூடத்திலும் அதே கேள்வியைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இறக்கத்தின் கதை ஏற்றத்தைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது. சக்கரத்தை மூடிவிட்டால் உள்ளேயிருக்கும் பிரேக் தட்டுக்குக் குளிர்ந்த காற்று குறைவாகவே சேரும். பெட்ரோல் கார்களின் காலத்தில் வடிவமைப்பாளர் முழு மூடியைப் பெரும்பாலும் தவிர்த்தமைக்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் தட்டு சூடேறி, பிடிமானம் தளரும். அதனாற்றான் மலைச்சாலையில் தாழ்ந்த கியரில் இறங்குமாறு பழைய லாரி ஓட்டுநர் இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். மின்சாரக் காரில் இயந்திரமே மின்னாக்கியாக மாறி, இறங்கும் வேகத்தை மின்சாரமாக்கி மின்கலத்துக்குத் திருப்பிவிடுகின்றது. பிரேக் தட்டுக்கு வேலை குறைவு. ஆகவே காற்றும் குறைவாகப் போதும். மூடிய சக்கரத்தை மின்சாரக் கார் துணிந்து அணிந்துகொள்ள முடிந்தது இதனாலேயே. உறுப்பும் உறுப்பும் ஒன்றுக்கொன்று இடங்கொடுக்கும் இவ்வமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நல்ல செய்யுளில் எதுகை ஒன்று அமையப் பொருளும் உடன் அமைவதைப் போன்றது இது.

ஆனால் இங்கேயும் நிலம் ஒரு நிபந்தனை விதிக்கின்றது. தானா ராத்தாவில் இரவு தங்கி, மின்கலத்தை விளிம்பு வரை நிறைத்துக்கொண்டு, காலையில் தாப்பா நோக்கி இறங்குபவரின் நிலை யாது? நிறைந்த குடத்தில் நீர் ஏற்க முடியாது. மின்கலம் ஏற்காதபோது கார் தன் பழைய பிரேக் தட்டுகளையே நாடும். ஏறும்போது செலவிட்ட அந்த 7 யூனிட் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை டயரின் உராய்வும் காற்றும் உண்டுவிடும். எஞ்சிய பாதி வெப்பமாக வேண்டும். சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. ஏறத்தாழ 200 பேருக்குத் தேநீர் கலக்கலாம். அவ்வளவும் நான்கு பிரேக் தட்டுகளின் வழியே, மூடிய சக்கரத்துக்குள்ளிருந்து வெளியேற வேண்டும். நெடுஞ்சாலையில் எதனை மிச்சப்படுத்த மூடினார்களோ, அந்தக் காற்றே இங்கே வேண்டப்படும் பொருளாகின்றது. மலையுச்சியில் மின்கலத்தைப் பத்தில் எட்டுப் பங்குக்குமேல் நிரப்பாமல் இறங்குவதே அறிவுடைமை. இவ்வறிவு மூடியின் வடிவத்தில் இல்லை. நிலம் அறிந்தவரிடத்தில் இருக்கின்றது.

கேமரன் மலைக்கென்று ஒரு சக்கரம் உண்டு. பிரிஞ்சாங், கம்போங் ராஜா, தேயிலைத் தோட்டங்களின் உட்சாலைகள் என எங்கும் காணப்படும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளின் எஃகுச் சக்கரமே அது. காய்கறி மூட்டைகளும் தேயிலைக் கொழுந்தும் உரச்சாக்குகளும் பல பத்தாண்டுகளாக அதன்மேல் ஏறி இறங்கியுள்ளன. அழுத்தி வளைத்த எஃகுத் தகடு, சில துளைகள், ஐந்து ஆணிகள்; அதற்குமேல் ஒன்றுமில்லை. சாயம் உரிந்திருக்கும், செம்மண் அப்பியிருக்கும். அழகுக்கென்று எவரும் அதனை வாங்கியதில்லை. ஆனால் அம்மலையின் சரிவில், மழை பெய்த மறுநாள், ஒரு வண்டி மட்டும் செல்லும் அகலமுள்ள தோட்டச் சாலையில் அது ஏறிவரும்போது, சக்கரத்திற்கும் நிலத்திற்கும் இடையேயுள்ள பொருத்தம் கண்ணுக்குத் தெரியும். குறிஞ்சிப் பாட்டில் குறிஞ்சிப் பூ இருப்பதைப் போல அங்கே அது இருக்கின்றது. அதன் வேகத்தில் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை சொற்பம். சேறு புகுந்தாலும் துளைவழி உதிரும். பள்ளத்தில் விழுந்து வளைந்தாலும் சுத்தியலால் நிமிர்த்தலாம். கவ்விகளால் மாட்டிய பிளாஸ்டிக் மூடியோ ஒரு பெரும் பள்ளத்தில் கழன்று தேயிலைப் புதருக்குள் உருண்டு போகக்கூடும்.

இவ்வொப்பீட்டால் லேண்ட்ரோவர் சக்கரம் உயர்ந்தது, மின்சாரக் காரின் சக்கரம் தாழ்ந்தது என்று முடிவு கட்டுவோர் அவசரப்படுகின்றனர். அதே எஃகுச் சக்கரத்தை நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஓசையும் செலவும் தாங்கா. பழையது என்பதற்காகப் போற்றுவதும், புதியது என்பதற்காக வணங்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். அண்மைக்காலத் தமிழ்க் கட்டுரைகளுள் சில, அறிவியற் பொருள்களைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டில் ஒன்றில் விழுந்துவிடுகின்றன. புதிய கருவி ஒன்று வந்ததும் அது முன்னரே நம்மிடம் இருந்தது என்று பழம்பாடலொன்றைத் தேடுவது ஒரு பழக்கம். சிறுபாணாற்றுப்படையின் தேர்ச்சக்கரத்தில் காற்றியக்க அறிவைத் தேடுவோரும் நாளை தோன்றலாம். அங்கே அது இல்லை. அங்கிருப்பது தச்சனின் கையை மதித்த புலவனின் கண். அதுவே போதிய பெருமை.

சொல்லாக்கம் பற்றியும் ஈண்டு ஒன்று கூற வேண்டும். இப்பொருளுக்குத் தமிழில் என்ன பெயர்? காற்றியக்கச் சக்கரவுறை, காற்றுத்தடை குறைப்பு வட்டு என்றெல்லாம் ஆக்கலாம். தேர்வுத்தாளில் எழுத அவை உதவும். தோட்டத்திலும் பட்டறையிலும் மக்கள் பேசுவது வேறு. மலேசியத் தமிழர் காரைக் காடி என்றனர். சக்கரத்தின் உலோகப் பகுதியை ரிம் என்றனர். பட்டறைத் தமிழனுக்கு இது ரிம் மூடி. அதில் குறை ஒன்றும் இல்லை. குடம், வட்டை, கடையாணி என்னும் சொற்களும் புலவர் அவையில் பிறந்தவையாகத் தோன்றவில்லை. உளியும் சுத்தியும் பிடித்தவர் வாயில் பிறந்து, பின்னர் நூலுக்குள் புகுந்தவை என்று கொள்வதே பொருத்தம். பாடநூல் எழுதுவோர் சக்கர மூடி என்று எழுதிவிட்டால் மாணவனுக்கும் விளங்கும், பட்டறைக்காரருக்கும் விளங்கும். நீண்ட சொல்லொன்றை ஆக்கி அதனுள் பொருள் முழுவதையும் அடைக்க முயல்வதும் ஒருவகைப் பொய்யணியே.

சுங்கை பாலாஸ் தேயிலை நிலையத்துக்குச் செல்லும் குறுகிய சாலையில் விடுமுறை நாள்களில் கார்கள் வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. எதிரே கொழுந்து ஏற்றிய வண்டி வந்தால், ஒன்று பின்வாங்கி ஒதுங்க வேண்டும். அவ்வரிசையில் மின்சாரக் கார்களும் உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம்; சில வேளை அதுவுமில்லை. பள்ளத்தாக்கிலிருந்து எழும் குளிர்காற்று, மூடிய சக்கரத்தையும் திறந்த சக்கரத்தையும் ஒன்றுபோலத் தொட்டுவிட்டுத் தேயிலைச் சரிவின்மேல் ஏறிச் செல்கின்றது. ஓட்டுநர் அங்கே சக்கரத்தை நினைப்பதில்லை. பிரேக்கை நினைக்கிறார், சாலையின் விளிம்பை நினைக்கிறார், எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டுகிறாரா என்று பார்க்கிறார்.